குசினியில் கேட்டதை நாவலாக்குதல்: போல் மார்ஷலிடம் நான் கற்ற தொழில்

புலம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த ஒரு பெண் நாவல் எழுத உட்காரும்போது அவளுக்குக் கைமுதலாக இருப்பது வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சுத்தான். அந்தப் பேச்சு தானாக நாவலாகிவிடாது. அதை நாவலாக்குவதற்கு நேரமும் இடமும் பணமும் வேண்டும். எழுதியதை வெட்டியெறியும் துணிவும் வேண்டும். இதை எனக்குக் கற்றுத்தந்தவர், நான் ஒருபோதும் நேரில் சந்தித்திராத, கறுப்பின அமெரிக்கப் பெண் நாவலாசிரியர் போல் மார்ஷல். கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த பெற்றோருக்கு 1929 ஏப்ரல் 9ஆம் தேதி புரூக்ளினில் பிறந்த அவர், 2019 ஆகஸ்டில், தமது தொண்ணூறாவது வயதில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் காலமானார். யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் வளர்ந்து, தமிழில் ஒரு நாவலை எழுதி முடித்து, இப்போது இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, எழுத்துத் தொழிலின் நடைமுறைக் கேள்விகள் பலவற்றுக்கு அவருடைய வாழ்க்கையிலிருந்தே விடை கிடைத்தது. எழுத விரும்பும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய நூல்களை நான் கண்டெடுத்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். ரொறன்ரோ பொது நூலகத்தின் மோல்வேர்ன் கிளையில் தமிழ் நூல்களும் உண்டு. கறுப்பின, கரீபியன் மரபு நூல்களின் பெரிய தொகுப்பு ஒன்றும் உண்டு. டிரினிடாட்டில் பிறந்து, ரொறன்ரோவில் நூலகராகவும் கதைசொல்லியாகவும் விளங்கிய ரீட்டா கொக்ஸ் அம்மையாரின் பெயரைத் தாங்கிய தொகுப்பு அது. தமிழ் நாவல்களைத் தேடி அங்கே போய்க்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தொகுப்பிலிருந்து கையில் கிடைத்தது ‘பிரவுன் கேர்ள், பிரவுன்ஸ்டோன்ஸ்’ என்ற நாவல். 1959இல் வெளியான போல் மார்ஷலின் முதல் நாவல் அது. அதைப் படித்து முடித்தபோது, என் அம்மாவையும் பெரியம்மாவையும் பற்றி எழுத எனக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக உணர்ந்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்படோஸ் கரும்புத் தோட்டங்களின் தீவாக இருந்தது. பனாமாக் கால்வாய் வெட்டும் வேலைக்குப் போன ஆண்கள் அனுப்பிய பணம் பல குடும்பங்களுக்கு அமெரிக்கா செல்லும் கப்பல் கூலியாயிற்று. அப்படி வந்து புரூக்ளினில் குடியேறிய பெண்களில் பலர் பிளாட்புஷ் பகுதியிலுள்ள வெள்ளையர் வீடுகளில் நாட்கூலிக்குத் துப்புரவு வேலை செய்தார்கள். வேலை முடிந்து திரும்பும் வழியில் மார்ஷலின் தாயாரும் அவருடைய தோழிகளும் வீட்டுக் குசினியில் கூடுவார்கள். தேநீரோ கொக்கோவோ குடித்தபடி பேசுவார்கள். எசமானிகளின் கஞ்சத்தனம், பொருளாதார மந்தநிலை, ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அவர்கள் தெய்வமாக மதித்த கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி, போர், பிள்ளைகளின் போக்கு, விட்டுவந்த தீவு என்று எதையும் விடமாட்டார்கள். ஒரு மூலையில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுமி அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். 1983இல் நியூயோர்க் டைம்ஸ் நூல் மதிப்புரை இதழில் எழுதிய ஒரு கட்டுரையில், அந்தப் பெண்களையே தம்முடைய முதல் ஆசிரியர்களாகவும் கவிஞர்களாகவும் அவர் அடையாளம் காட்டினார். அவர் நடத்திய வகுப்புக்கு விருந்தினராக வந்த ஒரு நாவலாசிரியர், பெண் எழுத்தாளர்கள் குசினியில் நேரம் செலவிட்டதனால் பேறு பெற்றவர்கள் என்று சொன்னதாகவும், வகுப்பிலிருந்த சில பெண்கள் அதைக் கேட்டு முகம் சுளித்ததாகவும், அந்த மனிதர் சமையலைச் சொல்லவில்லை, கேட்பதைச் சொன்னார் என்று தமக்கு விளங்கியதாகவும் அதில் எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு மேசை இருந்தது. அம்மா பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கும் வரிசையில் நின்றார். பெரியம்மா தையல் தொழிற்சாலையில் இருந்தார். மாமி இரவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் மூவரும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் குசினி மேசையைச் சுற்றி இருந்து, பழைய பத்திரிகைத் தாளில் முருங்கையிலை ஆய்ந்தபடி கதைப்பார்கள். ஒரு சனிக்கிழமை அம்மா சொன்னதையும் பெரியம்மா திருப்பிக் கொடுத்ததையும் அன்றிரவே எழுதி வைத்தேன்.

“அவன் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நிக்கிறான். நான் திரும்பிப் பாத்து, நீ நிண்டால் பெட்டி கெதியா ஓடுமோ எண்டு கேட்டன். தமிழிலதான் கேட்டன். அவனுக்கு விளங்கிப் போச்சு.”

“விளங்காமல் என்ன? உன்ர மூஞ்சி இங்கிலீசு கதைச்சிருக்கும்.”

மாமி சிரித்து முடித்துவிட்டு, இலைக் காம்பைத் தட்டிப் போட்டபடி, “அது கிடக்கட்டும், இந்த முறை சீட்டை ஆர் கூறப் போறியள்? எனக்கு டவுன் பேமென்ட்டுக்கு இன்னும் துண்டு விழுது” என்றார்.

வேலைத்தளத்து அவமானமும், அதைச் சிரிப்பாக்கித் திருப்பியடிக்கும் திறமையும், வீடு வாங்கும் வேகமும் சில நொடிகளுக்குள் ஒரே மேசையில் வந்து போயின. புரூக்ளினில் மார்ஷல் கேட்ட பேச்சிலும் இதே மூன்றும் பின்னிக் கிடந்தன. எழுத விரும்புபவர் இந்தப் பின்னலைப் பிரித்துவிடக் கூடாது. ‘புலம்பெயர் பெண்களின் துயரம்’ என்று ஒரு அத்தியாயமும் ‘நகைச்சுவை’ என்று இன்னொரு அத்தியாயமும் எழுதினால் அந்தப் பெண்களே காணாமல் போவார்கள்.

பேச்சைப் பதிவு செய்யும் முறையைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்வது எளிது. ஆயினும் கைபேசியை மேசையில் வைத்தவுடன் நம் பெண்கள் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். “எங்கள் காலத்திலே நாங்கள் எத்தனையோ கஷ்டங்களை அனுபவித்தோம்” என்று தொடங்கிவிடுவார்கள். மறைத்து வைத்துப் பதிவு செய்வது நம்பிக்கைத் துரோகம்; அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. நான் கைக்கொள்ளும் வழி, எழுதுகிறேன் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்து, அன்றிரவே கையால் எழுதி வைப்பது. மறுநாள் எழுதினால் கருத்து மிஞ்சும், வாக்கியம் போய்விடும். யார் யாருக்குச் சொன்னார், அப்போது கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது, எந்த இடத்தில் பேச்சை மாற்றினார்கள் என்பவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சு மாறிய இடங்கள்தான் பிற்பாடு அதிகம் உதவும், ஏனெனில் சொல்ல விரும்பாத ஒன்று அங்கேதான் இருக்கும்.

வட்டாரப் பேச்சை அச்சுக்குக் கொண்டுபோகும்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. என் முதல் நாவலைச் சென்னையில் அச்சிட்டபோது, ‘எண்டு’, ‘நிண்டு’, ‘போட்டுது’ என்று நான் எழுதியவற்றை மெய்ப்புப் பார்த்தவர் நல்லெண்ணத்துடன் சென்னைப் பேச்சாகத் திருத்தி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பக்கமாக அவற்றை மீட்க வேண்டியிருந்தது. இப்போது கைப்பிரதியுடன் பேச்சுச் சொற்களின் எழுத்துக்கூட்டல் பட்டியல் ஒன்றையும் அனுப்புகிறேன்: எந்தப் பாத்திரம் ‘அவை’ என்று சொல்லும், எந்தப் பாத்திரம் ‘அவர்கள்’ என்று சொல்லும், கனடாவில் பிறந்த பேரப்பிள்ளை எந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டியலைத் தயாரிக்கும்போதே பாத்திரங்களின் குரல்கள் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

கேட்டது மட்டும் மார்ஷலை எழுத்தாளர் ஆக்கிவிடவில்லை. புரூக்ளின் பொது நூலகத்தின் மேக்கன் கிளை அவருடைய இரண்டாவது பள்ளிக்கூடம். தாக்கரே, பீல்டிங், டிக்கன்ஸ் என்று பருத்த ஆங்கில நாவல்களை அங்கே படித்துத் தீர்த்தார். தம்மைப் போன்றவர்கள் யாரும் அந்த நூல்களில் இல்லை என்ற குறை இருந்துகொண்டே இருந்தபோது, கறுப்பினக் கவிஞர் போல் லோரன்ஸ் டன்பாரின் நூல் ஒன்று தற்செயலாக அவர் கையில் அகப்பட்டது. தம் மக்களின் பேச்சும் அச்சில் ஏறலாம் என்ற உறுதியை அந்தக் கவிதைகள் தந்தன. ஆயினும் பெரிய நாவல்களைப் படித்தது வீண்போகவில்லை. ஒரு முழுக் குடும்பத்தையும் ஒரு தெருவையும் பல ஆண்டுக் காலத்தையும் தாங்கும் கட்டமைப்பை அவை பழக்கியிருந்தன. நம்மவரிடையே, சொந்த அனுபவம் இருந்தால் போதும், வாசிப்பு அதைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். அனுபவம் எல்லோரிடமும் இருக்கிறது. நானூறு பக்கத்துக்கு அதை எப்படி நிறுத்தி வைப்பது என்பது படித்துத்தான் வரும்.

முதல் நாவலின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பாடங்களில் பெரியது அதிலிருந்தே வந்தது. கதை 1939இல் புரூக்ளினின் பழுப்புக்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் தொடங்குகிறது. பத்து வயதுச் செலினா பொய்ஸ் கதையின் நாயகி. தாய் சில்லாவுக்கு ஒரே இலக்கு, வாடகைக்கு இருக்கும் வீட்டைச் சொந்தமாக வாங்குவது. தந்தை டெய்ட்டன் கனவுகளில் வாழ்பவர். பார்படோஸில் அவருக்குக் கொஞ்சம் நிலம் வந்து சேர்கிறது. திரும்பிப் போய் அங்கே வீடு கட்ட ஆசைப்படுகிறார். அவருக்குத் தெரியாமல் சில்லா அந்த நிலத்தை விற்றுவிடுகிறாள். பணம் கைக்கு வந்ததும் டெய்ட்டன் அதை ஒரே நாளில் உடைகளுக்கும் பரிசுகளுக்கும் கொட்டித் தீர்க்கிறார். பிறகு தொழிற்சாலை விபத்து, ஒரு மதத் தலைவரின் குழுவில் அடைக்கலம், சில்லாவே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்ததனால் நாடுகடத்தல், தீவின் கரையை நெருங்கும்போது கடலில் மரணம் என்று அவருடைய வாழ்க்கை முடிகிறது.

இந்தக் கதையை வேறொருவர் எழுதியிருந்தால் சில்லா கல்நெஞ்சக்காரியாகவும் டெய்ட்டன் நல்லவராகவும் நின்றிருப்பார்கள். செலினாவும் தந்தைமேல் உயிரை வைத்திருப்பவள்தான். ஆனால் மார்ஷல் சில்லாவுக்குப் பேசும் உரிமையை முழுமையாகக் கொடுக்கிறார். சிறுமியாக இருந்தபோது கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ததையும், வறுமை என்றால் என்ன என்பதையும் அவள் சொல்லும்போது, வீட்டின்மேல் அவளுக்கு இருக்கும் வெறி எங்கிருந்து வந்தது என்பது வாசகருக்கு விளங்கிவிடுகிறது. டெய்ட்டனின் இழப்பும் குறைவதில்லை, சில்லாவின் நியாயமும் குறைவதில்லை. மார்ஷலின் தந்தையும் தம் குடும்பத்தை விட்டு ஹார்லெமில் இருந்த ஒரு மதத் தலைவரின் குழுவில் சேர்ந்தவர் என்பதை அறிந்து படிக்கும்போது, சொந்தக் காயத்தை வைத்துக்கொண்டு இத்தனை நடுநிலையுடன் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

என் முதல் நாவலும் வீடு வாங்கும் கதைதான். மார்க்கம் வீதிக்குக் கிழக்கே ஒரு வீடு, அதன் பேஸ்மென்டில் இரண்டு வாடகைக் குடும்பங்கள், மோட்கேஜ் கட்டுவதற்கு இரண்டு வேலை செய்யும் தாய், ஊரிலுள்ள காணியை விற்கக் கையெழுத்துப் போட மறுக்கும் தந்தை. ஒவ்வொரு சண்டைக் காட்சியையும் இரண்டு முறை எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்: முதலில் தாயின் பக்கத்தில் நின்று, பிறகு தந்தையின் பக்கத்தில் நின்று. இரண்டாவது முறை எழுதும்போது, முதல் முறை வெறும் பிடிவாதமாகத் தெரிந்த ஒன்றுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்தது. காணிக்குள் தகப்பனின் தகப்பன் வெட்டிய கிணறு இருந்தது. அந்தக் கிணறு தாய் சொல்லும் சண்டைக்குள் வராது, அவருக்கு அது வெறும் பரப்புக் கணக்குத்தான். நூலில் கடைசியாக ஒரு வடிவமே நிற்கும், ஆயினும் மற்ற வடிவத்திலிருந்து அதற்குள் ஏதாவது வந்து சேர்ந்துவிடும்.

மார்ஷலின் நாவலில் பார்படோஸ்காரர்களின் சங்கமும் வருகிறது. வீட்டு உரிமையாளர்கள் கூடி நடத்தும் அந்தச் சங்கம் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. செலினா அதை வென்றும் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நிறைந்த நகரில் வாழும் எமக்கு அந்தக் கூட்டக் காட்சிகளின் ஒவ்வொரு வரியும் தெரிந்ததாகவே இருக்கும். சங்கத்தை இழிவுபடுத்தாமல், அதன் கட்டுப்பாட்டை ஏற்க முடியாத ஒரு பெண்ணையும் இழிவுபடுத்தாமல் எழுத முடியும் என்பதை அந்தக் காட்சிகள் காட்டுகின்றன.

நினைவை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில் கிடக்கும் காகிதங்களைத் தேடியெடுக்க வேண்டும். நாம் வந்து இறங்கிய காலத்தில் கனடா கொடுத்த நிரந்தர வதிவிடத் தாள், ஐ.எம்.எம். 1000 என்ற எண்ணுடையது, பெரும்பாலான வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அதனுடன் சம்பளத் துண்டுகள், வாடகைப் பற்றுச்சீட்டுகள், ஊரிலிருந்து வந்த நீல வான்கடிதங்கள், சீட்டுக் கொப்பி ஆகியவையும் இருக்கும். சீட்டுக் கொப்பி ஒன்றில் தாச்சி (சீட்டை நடத்துபவர்) யார், யார் எந்த மாதம் எவ்வளவு கழிவுக்குக் கூறினார்கள் (எவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்தார்கள்) என்று தேதிவாரியாக எழுதப்பட்டிருந்தது. அதிக கழிவுக்குக் கூறியவர் அந்த மாதம் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார். பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூப்பிட, ஆட்களை அழைத்துவரும் ஏஜென்சிக்குக் காசு கட்டினாரா, கலியாணச் செலவா, வீட்டு முற்பணமா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டபோது, பத்து அத்தியாயத்துக்கு வேண்டிய கதை அந்தக் கொப்பியிலிருந்து வந்தது. தாய்மாரின் காகிதங்களை வீடு மாறும்போது எறிந்துவிட வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கையும் உண்டு. அகதிக் கோரிக்கை, வந்த வழி, பயன்படுத்திய கடவுச்சீட்டு, முகவருக்குக் கொடுத்த பணம் ஆகியவை உயிரோடிருப்பவர்களைப் பாதிக்கக்கூடிய தகவல்கள். நாவல்தானே என்று அவற்றை உள்ளபடி எழுதுவது பொறுப்பற்ற செயல். ஒருவருடைய பயணத்தை இன்னொருவருடைய ஊருடனும் மூன்றாமவருடைய வேலையுடனும் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி எழுத வேண்டும். ஆண்டை மாற்றினால் மட்டும் போதாது; உறவினர்கள் ஒரு பழக்கத்தையோ ஒரு வசைச்சொல்லையோ வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவருக்கு அந்தப் பகுதியை மட்டும் அச்சுக்கு முன்பு வாசித்துக் காட்டுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். நாவல் முழுவதற்கும் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எந்த நாவலும் வெளிவராது.

எழுதுவதற்கான நேரத்தைப் பற்றி மார்ஷலின் வாழ்க்கை ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. 1953இல் புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னர், கறுப்பின வாசகர்களுக்காக வெளிவந்த ‘அவர் வேர்ல்ட்’ என்ற இதழில் வேலை செய்தார். எழுத்தாளர் குழுவில் அவர் ஒருவரே பெண். பகல் முழுவதும் அந்த வேலை. மாலையில் வீடு திரும்பி முதல் நாவலை எழுதினார். பின்னர் மகன் பிறந்தபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, ஒரு தோழியின் வீட்டுக்குத் தினமும் போய் இரண்டாவது நூலை எழுதினார். கணவருக்கு அதில் விருப்பமில்லை, ஆனாலும் போனார். 1961இல் அந்த நூல் வெளிவந்தது. குகன்ஹைம் நல்கையும் அந்தக் காலத்திலேயே கிடைத்தது.

இதைப் படித்த பிறகுதான் என் எழுத்து நேரத்தை வீட்டில் வெளிப்படையாக அறிவித்தேன். எல்லோரும் படுத்த பிறகு எழுதலாம் என்ற ஏற்பாடு நம் வீடுகளில் நிலைக்காது. படுக்கும் நேரத்தில்தான் ஊரிலிருந்து தொலைபேசி வரும். சனிக்கிழமை முற்பகல்களில் நூலகத்தின் படிப்பறைக்குப் போய்விடுகிறேன். அந்த நேரம் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு கணவரின் பொறுப்பு. “வேலைக்குப் போறன்” என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். மாமியாருக்கு முதலில் மனவருத்தம் இருந்தது. நான் ஒரு வாரமும் தவறாமல் போவதைக் கண்ட பிறகு, அவரே மதியச் சாப்பாட்டைக் கட்டித் தரத் தொடங்கினார். ஒழுங்கைக் கண்டால்தான் வீடு அதை வேலையாக மதிக்கிறது. சம்பள வேலையை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். தமிழ் நாவலின் உரிமைத்தொகை ஒரு மாதத்து மோட்கேஜுக்கும் காணாது. மார்ஷலும் பின்னாளில் பல்கலைக்கழகங்களில் கற்பித்தே வாழ்ந்தார்.

கைப்பிரதி முடிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ரண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் அவருடைய முதல் நாவலை ஏற்ற ஹைரம் ஹேடன், அந்தப் பருத்த கைப்பிரதிக்குள்ளிருந்து நாவலைக் கண்டெடுத்து வரும்படி சொன்னார். மார்ஷல் முன்பணத்தை எடுத்துக்கொண்டு பார்படோஸுக்குப் போய் அங்கே தங்கித் திருத்தினார். வெட்டும்போது நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு காட்சி உண்மையில் நடந்தது என்பதற்காக மட்டும் நூலில் இருக்கிறதென்றால், அது போக வேண்டும். அம்மா முதன்முதலில் பனி பெய்வதைக் கண்ட நாளைப் பற்றி எழுதியிருந்த பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது; கதையில் அதன் பிறகு எதுவும் மாறவில்லை என்பதால் எடுத்துவிட்டேன்.

வெளிவந்த நாவல் நல்ல மதிப்புரைகளைப் பெற்றும் அதிகம் விற்கவில்லை. 1981இல் பெமினிஸ்ட் பிரஸ் மறுபதிப்பு வெளியிட்ட பின்னரே அது கல்லூரி வகுப்பறைகளுக்குள் பரவலாக நுழைந்தது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மார்ஷல் எழுதுவதை நிறுத்தவில்லை, விரைவாகவும் எழுதவில்லை. 1959, 1969, 1983, 1991, 2000 என்ற இந்த ஐந்து ஆண்டுகளில் அவருடைய ஐந்து நாவல்கள் வந்தன. மக்கார்தர் நல்கை 1992இல் கிடைத்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. நம்மவரிலும் சான்று இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தனின் முதல் நாவல் 2008இலும் இரண்டாவது 2023இலும் வெளிவந்தன. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தை ஒரு மருத்துவ மாணவியின் குரலில் சொல்லும் அந்த இரண்டாவது நாவல், 2024இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைகதைப் பரிசையும் வட அமெரிக்காவின் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் வென்றது. ஆண்டுக்கொரு நூல் வெளியிட்டுப் புத்தகக் கண்காட்சிக்கு ஓட வேண்டும் என்று இளையவர்களை நெருக்குபவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறக்காத ஊரை அல்லது சிறுவயதில் விட்டுவந்த ஊரை எழுதுவது எப்படி என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. ஒன்பது வயதளவில் பார்படோஸுக்குப் போய்த் தாய்வழிப் பாட்டியுடன் இருந்த காலத்தை வைத்து மார்ஷல் ஒரு சிறுகதை எழுதினார். பாட்டி தம் கரும்பையும் பழமரங்களையும் பெருமையுடன் காட்டுகிறார், பேத்தி பனியையும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் சொல்லி வாதத்தில் வெல்கிறாள், பாட்டி தளர்ந்துபோகிறார். 1937இன் வேலைநிறுத்தத்தை அடக்கப் பிரித்தானிய விமானங்கள் தாழப் பறந்துபோன நாளில் அவர் உயிர் பிரிகிறது. ஊரைப் பற்றி எழுதும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஏக்கத்தை எழுதுகிறார்கள். மார்ஷல், தாம் வென்றதனால் பாட்டிக்கு நேர்ந்ததை எழுதினார். அம்மம்மாவிடம் ஐபேடைக் காட்டிய பேரப்பிள்ளையின் கண்ணால் பருத்தித்துறையை எழுத முடியும். அந்தப் பிள்ளை தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டத் தேவையில்லை.

தாய்மாருக்கு வயதாகிவிட்டது, எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது, மனநிலையைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள் என்பதே. “அப்ப உங்களுக்குக் கவலையா இருந்ததா?” என்று கேட்டால் “என்ன செய்யிறது பிள்ளை, விதி” என்று முடித்துவிடுவார்கள். இரவு வேலைக்குப் போனால் முதலில் என்ன செய்வீர்கள் என்று மாமியிடம் கேட்டபோது அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

“முதல் குப்பை எடுக்கிறது. பிறகு மேசை. வாக்குவம் கடைசி. மேசையில பிள்ளையளின்ர படம் இருந்தால் தூக்கமாட்டன், சுத்தித்தான் துடைப்பன். ஒருத்தி வெள்ளிக்கிழமையில எனக்கெண்டு சொக்லேற் வைச்சிட்டுப் போவாள். அவளை நான் ஒரு நாளும் கண்டதில்லை.”

இரண்டாவது நாவலின் ஒரு அத்தியாயத்தை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்: குப்பை, மேசை, தரை. மேசைக்காரியின் முகத்தையோ பெயரையோ அதில் சேர்க்கவில்லை, மாமிக்கு அவை தெரியாது. அடுத்த முறை கேட்பதற்கென்று குறித்து வைத்திருப்பவை: கட்டடத்தின் சாவிகள் யாரிடம் இருந்தன, சம்பளம் எந்த நாளில் வந்தது, பனிப்புயலில் பஸ் ஓடாத இரவுகளில் மாமியும் மற்றப் பெண்களும் எப்படி வீடு சேர்ந்தார்கள்.